மூன்று தங்கமீன்களும் ஒரு டப்பா பாசிக்கல்லும்

மாமனார் இறந்த பிறகு திருச்சி வீட்டை விற்க முடிவானது. விற்பதற்கு முன் என் மைத்துனர்கள் கூடத்தில் உட்கார்ந்து பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொண்டார்கள். "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று என் மனைவியைக் கேட்டபோது அவள் மீன்களைக் கேட்டாள். வெண்கல உருளி இருந்தது, தேக்குக் கட்டில் இருந்தது, சாவி கொடுத்தால் இன்னும் ஓடுகிற கடிகாரம் இருந்தது. இத்தனையும் விட்டுவிட்டு ஒருத்தி மூன்று தங்கமீன்களைக் கேட்டால் அண்ணன்மார் என்ன செய்வார்கள்? பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டார்கள். கட்டிலின் மேல் ஒரு கண் வைத்திருந்த நான் மட்டும் லேசாக இருமிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளாக அந்த வீட்டில் மீன் உண்டு. இந்த மூன்றும் ஆறு வருடங்களாக இருப்பவை. அவள் அப்பா காலையில் பேப்பர் படிப்பதற்கு முன் அவற்றோடுதான் பேசுவாராம். தொட்டி சுவரோடு சேர்த்துக் கட்டியது, பெயர்த்து எடுக்க முடியாது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் கேனில் மீன்களை வைத்து பாசஞ்சர் ரயிலில் அரியலூருக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் மூடியைத் திறந்து எண்ணினாள். மூன்றை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தும் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் பிடிபடாமல் இருந்த காலம் அது.

எண்பதுகளின் தொடக்கம். நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியன். ஊரில் யாருக்கு ரேடியோ கெட்டாலும், மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அறிவியல் சார் என்ற முறையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். நானும் தயங்காமல் சொல்வேன். ஆகவே மீன் வளர்ப்பதில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மீன்களை எங்கள் எவர்சில்வர் அண்டாவில் விட்டோம். வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் அது ஒன்றுதான். "ஒரே வாரம்," என்றேன் மனைவியிடம். "தொட்டி ரெடி பண்ணிடறேன்."

சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கடைக்காரர், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துத் தொட்டியைச் செய்து கொடுத்தார். முன்பக்கத்துக் கண்ணாடியின் ஓரத்தில் பழக்க தோஷத்தில் ஒரு பூவும் இலையும் வரைந்திருந்தார். இரண்டு நாள் ஒழுகி, மூன்றாம் நாள் நின்றது. ஆற்று மணலை எட்டுத் தண்ணீரில் அலசி அடியில் பரப்பினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மீனுக்கு ஆகாது. எனவே இரண்டு நாள் வெயிலில் வைத்து குளோரின் போன பிறகே ஊற்றினேன். இதை மனைவிக்கு விளக்கமாகச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த மரியாதையை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பிறகு அதை அடிக்கடி பார்க்கக் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அறிவியல்காரன் எதையும் சோதித்துத்தான் செய்வான். முதலில் ஏரியிலிருந்து நான்கு கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்துவந்து விட்டேன். மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. ஐந்தாம் நாள் இரண்டு. ஆறாம் நாள் நான்காவதும் தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது.

அழுக்குதான் காரணம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் வீடு முழுக்கக் கழுவுவது வழக்கம். மனைவி தரையைக் கழுவ, நான் தொட்டியை எடுத்துக்கொண்டேன். மணலைக் கொதிநீரில் போட்டேன். கண்ணாடியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். பிறகு வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் விட்டு, மறுபடி நான்கு குஞ்சுகள். அவையும் போயின. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும் அறைகூட அப்படிச் சுத்தமாக இருந்திருக்காது. இந்த முறை நான்கு குஞ்சுகளும் ஐந்து நாட்களிலேயே முடித்துக்கொண்டன.

மனைவி தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"தண்ணி பளிங்கு மாதிரி இருக்குங்க," என்றாள். "அதுல மீனுதான் இருக்க மாட்டேங்குது."

"ஏரி மீனு. அதுக்கு இந்தச் சுத்தம் பழக்கமில்ல."

"பன்னெண்டு உசுரு. இனிமே சோதனைக்குன்னு ஒரு மீனக் கொண்டாராதீங்க. என் மீனு மூணையும் இதுல விடவும் மாட்டேன். எங்கப்பா வூட்லேர்ந்து எனக்குன்னு வந்தது இந்த மூணுதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

இதற்குள் பங்குனி வெயில் ஏறிவிட்டது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. பிடித்து வைக்க வேண்டிய அண்டாவில் மீன் இருந்தது. தினமும் அதில் பாதித் தண்ணீரை மாற்றாவிட்டால் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இருவர் குளிக்க வேண்டிய தண்ணீரில் மீன் குளித்தது போக மிச்சத்தில் நாங்கள் குளித்தோம். திருச்சியிலிருந்து வாங்கிவந்த காற்று பம்பையும் அவள் அண்டாவுக்கே வைத்துக்கொண்டாள். பெரிய மீன் தீனியைத் தொடுவதைக் குறைத்துவிட்டது. அண்டாவை விட்டால் வேறு இடமில்லை, அண்டாவில் அது கோடையைத் தாண்டாது. இது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியர் தன் தங்கையின் நிக்காஹுக்குக் கூப்பிட்டார். அவருக்கு லெப்பைக்குடிகாடு. பெரம்பலூர் போய் பஸ் மாறிப் போனேன். நிக்காஹ் பள்ளிவாசலில். வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் கருங்கல்லில் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்வதற்கானது. ஹவுள் என்பார்கள். கல்யாணக் கூட்டம் முழுவதும் அதன் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரை அள்ளி அள்ளிக் கழுவிக்கொண்டிருந்தது.

உள்ளே மீன்கள். இரண்டு மூன்று அல்ல. நூறு இருக்கும். விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரைக்கும் கூட்டம் கூட்டமாக, ஏதோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவை போலத் திரிந்துகொண்டிருந்தன.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கல்லின் மேல் பச்சையும் பழுப்புமாக வழவழவென்று பாசி. என் கண்ணாடியில் இதில் நூறில் ஒரு பங்கு இருந்திருந்தால் ப்ளீச்சிங் பவுடரோடு பாய்ந்திருப்பேன். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தது. குனிந்து முகர்ந்தும் பார்த்தேன், வாடையில்லை.

வரலாற்று ஆசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சார், அங்கன நிக்காஹ் முடியப் போவுது. நீங்க இங்க மீனுக்கு ஜோசியம் பாத்துட்டு நிக்கிறீங்களா?"

"இத யாரு கழுவறது?"

"என்னது?"

"இந்தத் தொட்டிய."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, தூணோரம் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்த மோதினாரைக் கைகாட்டினார். பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர், பாங்கு சொல்கிறவரும் அவர்தான். என் வயதிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தார்.

"இந்த சார் சயின்ஸு வாத்தியாரு," என்று வரலாற்று ஆசிரியர் அறிமுகப்படுத்தினார். "தங்கச்சி நிக்காஹுக்குக் கூப்ட்டேன். மீனப் பாக்க வந்துருக்காரு."

"எத்தன நாளைக்கி ஒருவாட்டி கழுவுவீங்க?" என்று கேட்டேன்.

"கழுவறதா? நோம்புக்கு முன்ன எறைப்போம். பாதிதான் எறைக்கிறது. பாதிய வுட்ருவோம். பாசியச் சொரண்ட மாட்டோம்."

"ஏன்?"

"மீனு செத்துரும்ல?"

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒரு வருஷம் புதுசா வந்த நிர்வாகத்துல சுத்தம் பண்றோம்னு முச்சூடும் எறைச்சு, கல்ல தேங்கா நாரு போட்டுத் தேச்சு, சுண்ணாம்பும் அடிச்சுட்டாங்க. புதுத் தண்ணி வுட்டு மீனையும் வுட்டோம். ஒரு வாரத்துக்குள்ள அம்புட்டும் மெதந்துருச்சு. ஒளு செய்ய வந்த ஜமாத்தெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுல்ல போனாங்க. அதுலேர்ந்து எவனயும் தேய்க்க வுடறதில்ல."

இந்த உலகத்தில் என்னைப் போலவே இன்னொருவர் தவறு செய்திருக்கிறார் என்பதைக் கேட்பதில் உள்ள சந்தோஷம் தனி. அதுவும் ஒரு நிர்வாகமே சேர்ந்து செய்திருக்கிறது.

"எனக்கு இதுலேர்ந்து கொஞ்சம் கல்லு வேணும்," என்றேன். "பாசியோட."

மோதினார் வரலாற்று ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள வூட்டுக்காரங்க கூட இப்படி ஒண்ணு கேக்கலயே பாய்."

"குடுங்க, குடுங்க. சீர் வரிசைல சேத்துக்கறேன்."

தண்ணீர் வழிந்தோடும் மூலையில் கிடந்த கூழாங்கற்களை மோதினார் அள்ளி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஹவுள் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்தார். எனக்கென்று தனியாக வைத்திருந்த தயிர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பிரியாணி வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டப்பா மடியில். குலுக்கலில் தண்ணீர் தளும்பி வேட்டி நனைந்தது.

"என்ன சார் அது?" என்றார் கண்டக்டர்.

"கல்லு."

"கல்லுக்கு எதுக்கு சார் தண்ணி?"

"இல்லாட்டி செத்துரும்."

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பெரம்பலூர் வரும் வரை என் பக்கத்து இருக்கையில் யாரையும் அவர் உட்கார வைக்கவில்லை.

நான் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. அந்த நேரத்தில் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்திருந்தது. ஐந்து வருடமாக வகுப்பில் நைட்ரஜன் சுழற்சி நடத்துகிறேன். அதற்கு ஒரு பெரிய சார்ட் உண்டு. என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் மனைவிதான் வரைந்து கொடுத்தாள். ஒரு பசு, ஒரு மரம், வானத்தில் மின்னல். பசுவின் பின்னாலிருந்து அம்மோனியா. அதிலிருந்து ஓர் அம்புக்குறி நைட்ரைட்டுக்கு. அதிலிருந்து இன்னோர் அம்புக்குறி நைட்ரேட்டுக்கு. அம்புக்குறிகளின் மேல் 'பாக்டீரியா' என்று எழுதியிருக்கும். அந்த பாக்டீரியா எங்கே குடியிருக்கிறது என்று ஒரு மாணவன்கூட என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஏதோ அம்புக்குறியிலேயே இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

அது கல்லில் இருக்கிறது. மணலில், கண்ணாடியில், அந்த வழவழப்பில் இருக்கிறது. மீன் கழிப்பது அம்மோனியா. அதை அந்த பாக்டீரியாக் கூட்டம் தின்று தீர்க்காவிட்டால், பளிங்கு போன்ற தண்ணீரிலேயே மீன் தன் அம்மோனியாவில் தானே வெந்து சாகும். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொதிநீர் ஊற்றி, சார்ட்டில் அம்புக்குறியின் மேல் எழுதிய பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, திங்கட்கிழமை போய் அதைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத அஞ்சு வருஷமா நடத்தறீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

பாசிக்கல்லைத் தொட்டியில் பரப்பினேன். அடுத்து ஒரு சிக்கல். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு என்றால் அம்மோனியா. அம்மோனியாவுக்கு மீன் வேண்டும். மீனை விடக் கூடாது. பள்ளி ஆய்வகத்து அம்மோனியா பாட்டிலில் அத்தனை வருடத்தில் வேறு என்னவெல்லாம் விழுந்திருக்கும் என்று தெரியாது. யோசித்ததில் ஒரே வழிதான் இருந்தது. அழுகுகிற எதையாவது போட வேண்டும், அதிலும் மீன் சம்பந்தப்பட்டதாக இருந்தால் உத்தமம்.

எங்கள் இரண்டு வீட்டிலும் மரக்கறி மட்டும்தான். கருவாடு விற்கிற அம்மாளுக்கு என்னை நன்றாகத் தெரியும். அவர் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் நான் கீரை வாங்குவது.

"சாரு, கீரை அங்கன," என்றார்.

"தெரியும்மா. கருவாடுதான். கொஞ்சம் நெத்திலி."

"யாருக்கு?"

"மீனுக்கு."

"எந்த மீனுக்கு?"

"இன்னும் விடல. இனிமேதான் விடணும்."

அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்து ஊரில் சொல்லியிருக்கிறார். மறுநாள் கணக்கு ஆசிரியர் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போய், "கேள்விப்பட்டேன் சார். தப்பே இல்ல. ஆனா மொத மொத நெத்திலி வேணாம். தொண்டைல குத்தும்," என்றார்.

உப்புப் போக ஊறவைத்து, மஸ்லின் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மனைவி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"மீனு பொழைக்கணும்னு கருவாட்டப் போடறவரு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

பம்பு அண்டாவில் ஓடியதால் தொட்டித் தண்ணீரில் காற்று சேர வழியில்லை. கல்லில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து டீ ஆற்றுவது போல ஆற்றினேன். நேரம் கிடைத்தபோதெல்லாம் ஆற்றினேன். வாசலில் போனவர்கள் மெதுவாக நடந்து போனார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் பழுப்பு பாட்டிலில் ஒரு கரைசல் உண்டு. தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும், அதிகம் இருந்தால் பழுப்பாகும். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கவும் செய்யும், கொஞ்சம் தெளியவிட்டுப் பார்க்க வேண்டும். தினமும் ஒரு சோதனைக் குழாய் எடுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் நல்ல டிகாக்ஷன் நிறம். ஆறாம் நாளும் அதே. எட்டாம் நாள் கொஞ்சம் வெளுத்தது. எனக்கு நம்பிக்கையில்லை, இரண்டாவது முறை செய்தேன். பத்தாம் நாள் எலுமிச்சை நிறம். பன்னிரண்டாம் நாள் காலையில் நிறமே இல்லை. கருவாடு அங்கேதான் தொங்குகிறது, நாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அம்மோனியா இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பது உண்மையாகவே உலகத்திலும் இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"ஆச்சு!" என்று கத்தினேன். "கொண்டா மீன!"

அண்டாவில் நிலைமை மோசமாக இருந்தது. அந்த வாரம் குழாயில் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை. பெரிய மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அவள் ஓடிப்போய்க் கையில் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சார்ட்டுல ரெண்டு அம்புக்குறி போடச் சொன்னீங்களே," என்றாள். "ரெண்டாவது என்னாச்சு?"

நான் சோதனைக் குழாயைப் பார்த்தேன். அம்மோனியா போய்விட்டது, சரி. எங்கே போனது? நைட்ரைட்டாகப் போனது. அதுவும் மீனுக்கு விஷம்தான். அம்மோனியாவைத் தின்கிற முதல் கூட்டம் பிறந்துவிட்டது, நைட்ரைட்டைத் தின்கிற இரண்டாவது கூட்டம் இன்னும் பிறக்கவில்லை. அவள் கேட்காவிட்டால் அந்த மூன்றையும் நானே என் கையால் விட்டிருப்பேன்.

அதற்கும் சோதனை எனக்குத் தெரியும். பொட்டாசியம் அயோடைடு, இரண்டு சொட்டு நீர்த்த அமிலம், கொஞ்சம் கஞ்சித் தண்ணீர். கஞ்சி வீட்டிலேயே இருந்தது. தொட்டித் தண்ணீரை விட்டதும் குழாய் முழுவதும் கருநீலமாகிவிட்டது, மசியைக் கொட்டியது போல.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எத்தன நாளாவும்?"

"தெரியல," என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் அவளுக்கும் கொஞ்சம் ஆச்சரியம்.

அதன் பிறகான நாட்கள் நீளமானவை. நான் விடியற்காலையில் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே வயல் கிணறு ஒன்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அதில் குளோரின் இல்லை, அந்தப் பாக்கியம் இருந்தது. அண்டாவுக்குத் தினமும் ஒரு குடம். பெரிய மீனுக்கு அவள் தீனியை நிறுத்திவிட்டாள். சாப்பிடாததைப் போட்டால் அதுவும் அம்மோனியாதானே என்றாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் மாலையில் நான் சோதனைக் குழாயோடு வருவேன். அவள் சமையலறையிலிருந்து கஞ்சித் தண்ணீரோடு வருவாள். நீலம். மறுநாளும் நீலம். அடுத்த நாளும். பிறகு ஊதா. இரண்டு நாள் கழித்து, தேடிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு சாயம்.

ஒன்பதாம் நாள் குழாயில் கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. அவள் அதை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைச் சுத்தமான குழாயில் இன்னொரு முறை செய்யச் சொன்னாள். பிறகு அம்மோனியாவையும் ஒருமுறை பார்க்கச் சொன்னாள். எங்கள் தலைமை ஆசிரியர்கூட என்னை அவ்வளவு கடுமையாக மேற்பார்வை செய்ததில்லை.

கருவாட்டு முடிச்சை எடுத்து எறிந்தேன். தொட்டியில் பாதித் தண்ணீரை மட்டும் மாற்றினேன். கண்ணாடியில் கை படவில்லை. அப்போது அதில் பூவும் இலையும் தெரியாத அளவுக்குப் பழுப்புப் படிந்திருந்தது. அவள் மீன்களை ஒரு வாளியில் எடுத்து, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் ஒரு டம்ளராக ஒரு மணி நேரம் அதில் சேர்த்தாள். பிறகு ஒரு மீனைத்தான் விட்டாள். சின்னதை.

"மூணையும் விட்டா என்ன?"

"அதுங்க இப்பத்தான பொறந்துருக்கு. ஒரேயடியா மூணு பேருக்கு வேல செய்யச் சொன்னா எப்படிங்க?"

அதுங்க என்று அவள் சொன்னது மீனை அல்ல. இரண்டு நாள் கழித்து அடுத்ததை விட்டாள். அன்றைக்கும் மறுநாளும் என் இரண்டு சோதனைகளிலும் எதுவும் தெரியவில்லை. நான்காம் நாள் பெரியதை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தாள். உள்ளே விட்டதும் அது அடியில் போய் ஹவுள் கற்களுக்கு நடுவே அசையாமல் நின்றுவிட்டது. செவுள் மட்டும் அசைந்தது. பம்பு தொட்டிக்கு வந்துவிட்டிருந்தது. அதன் சத்தத்தில் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"எங்கப்பா தொட்டியக் கழுவவே மாட்டாரு," என்றாள். "எங்கம்மா கத்தும். அப்பப்ப ரெண்டு வாளி எடுத்துட்டு ரெண்டு வாளி ஊத்துவாரு, அவ்வளவுதான். சரியான சோம்பேறின்னு நாங்க எல்லாரும் சொல்லிட்டு இருந்தோம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அப்போது தேறியிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பெரிய மீன் கல்லை விட்டு நகர்ந்தது. கண்ணாடியை ஒட்டி ஒரு சுற்று வந்தது. பழுப்புப் படிந்த இடத்தில் வாயை வைத்து எதையோ பிடுங்கித் தின்றது. அவள் என் முழங்காலைத் தட்டி, "தின்னுது பாருங்க," என்றாள். மறுபடி அதே இடத்துக்கு வந்து மறுபடி தின்றது.